கண்ணில் படாத வேலை

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் கொட்டிய மழையில், மலையின் நகரப் பக்கச் சரிவில் இருக்கும் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் உருண்டு வந்து ஒரு வீட்டை மூடின. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த வாரம் எங்கள் ஊரில் யாரும் தங்கள் வீட்டுக் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் வீடு மலைக்கு மறுபுறம், கிரிவலப் பாதையின் மேற்கே, அடி அண்ணாமலையில் இருக்கிறது. தாத்தா கட்டிய வீடு. முன்பக்கம் பிற்பாடு தளம் ஒட்டியது. பின்கட்டு இன்னும் மங்களூர் ஓடுதான். மழை நின்று பத்து நாள் கழித்தும் கூடத்துத் தரை காயவில்லை. காலையில் துடைத்தால் மதியம் மறுபடி ஈரம். சுவரில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து விழுந்தது. சமையலறையில் இருந்த பழைய அலமாரியின் அடிப்பலகையைத் தொட்டால் விரல் உள்ளே போனது. கரையான் ஏறியிருந்தது. அம்மா ஒருநாள் ஈரத்தில் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் இந்த வீட்டை இனி இப்படியே விட முடியாது என்று முடிவு செய்தோம்.

விலை கேட்டுப் பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வழியைத்தான் சொன்னார்கள். பழைய தரையை உடைக்க வேண்டாம், மேலேயே பசை தடவி இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் ஒட்டிவிடலாம், சமையலறைக்கு அளவெடுத்துக்கொண்டு போனால் பெட்டி பெட்டியாக அலமாரி வந்து இறங்கிவிடும். அடித்தரை உறுதியாகவும் உலர்ந்தும் இருக்கிற வீட்டுக்கு அது சரியான வழிதான். எங்கள் வீட்டுக்கு அது பொருந்துமா என்று கேட்பதற்கு எனக்கு ஒருவர் இருந்தார். அம்மாவின் தம்பி. வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை பார்த்துவிட்டு இப்போது கண் கொஞ்சம் மங்கி வீட்டில் இருக்கிறவர்.

மாமா வந்தார். தரையைப் பார்க்காமல் நேராக வெளியே போய் வீட்டைச் சுற்றி நடந்தார். தெருவைப் பார்த்தார். வாசற்படியைப் பார்த்தார். தாத்தா காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் போவோம். தெரு உயர்ந்து உயர்ந்து இப்போது ஒரு படிதான் மிச்சம்.

“தர வேர்க்கல மாப்ள. ஊட்டச் சுத்தித் தண்ணி நிக்குது, அது கீழால உள்ள வருது. எங்கருந்து வருதுன்னு பாக்காம மேல எத ஒட்டுனாலும் அது மூடி வெக்கிற வேலதான்” என்றார்.

பிறகு அம்மாவிடம், “அக்கா, நானே செஞ்சு தரேன்னு சொல்ல எனக்கு இப்ப ஒடம்புல தெம்பு இல்ல. இவன் செய்யட்டும். நான் ஒக்காந்து சொல்றேன்” என்றார். எங்கள் வீட்டு வேலை அப்படித்தான் எங்கள் கைக்கு வந்தது. பணம் மிச்சமாகும் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், மாமாவின் கையில் இருக்கிற அறிவு அவரோடு போய்விடக் கூடாது என்று எனக்கு அன்று தோன்றியதுதான்.

முதலில் பின்கட்டைப் பிரித்தோம். ஓடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினோம். மங்களூர் ஓடு என்று நாம் சொல்வது 1860களில் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து வந்த பெயர். எங்கள் ஊர்ப்பக்கம் கூரை மாற்றியவர்கள் எல்லோரும் வாங்கிப் போட்டது அதைத்தான். ஓட்டுக்குக் கீழே வேங்கை உத்திரமும் தேக்குச் சட்டங்களும் இருந்தன. புகை படிந்து கறுத்திருந்தன. மாமா இழைப்புளியை எடுத்து ஒரு கட்டையில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளேயிருந்து செம்பழுப்பு நிறம் வந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இத எவனுக்கும் எடைக்குப் போடாத. அலமாரி இதுலதான்” என்றார்.

அடுத்தது வெளிவேலை. வீட்டைச் சுற்றி மண்ணை வெட்டிச் சுவரிலிருந்து வெளியே போகும்படி வாட்டம் கொடுத்தோம். மலைப்பக்கமிருந்து வரும் மழைத்தண்ணீர் சுவரோரம் நிற்காமல் ஓட ஒரு வாய்க்கால் கட்டினோம். மறுபடி வேய்ந்த ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் அடியிலேயே விழுந்து ஊறாமல் இருக்கத் தகரத் தூம்பு வைத்தோம். வீட்டுக்குள் டைல்ஸ் ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். சம்பந்தம் முழுக்க இங்கேதான் இருந்தது. ஈரத்துக்கு வைத்தியம் வெளியே தொடங்குகிறது.

பிறகு தரையை உடைத்தோம். பழைய சிமெண்ட் பூச்சுக்கு அடியில் வெறும் மண்தான். ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி எடுத்தோம். கிராவல் கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். ஒரே தடவையில் கொட்டி இடித்தால் மேலே மட்டும் இறுகும், உள்ளே பொதபொதவென்று இருக்கும். அதனால் அரையடி அரையடியாகக் கொட்டி இடிக்க வேண்டும். அதன் மேல் மணல் பரப்பி, தடிமனான பாலிதீன் தாளை விரித்தோம். தாளும் தாளும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், சுவரோரத்தில் மடித்து மேலே ஏற்றிவிட வேண்டும். கீழேயிருந்து ஏறும் ஈரத்துக்கு அதுதான் தடை. அதற்கு மேல் நாலங்குலக் கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி.

சுவரின் அடிப்பகுதியில் பொரிந்த சிமெண்ட் பூச்சை முழுக்கச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினோம். பழைய செங்கல் சுவருக்கு மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். சுண்ணாம்பில் நுண்துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியே மெல்ல வெளியேறிக் காய்ந்துவிடும். நம் பழைய வீடுகள் நூறு வருஷம் நின்றதற்கு இது ஒரு காரணம்.

கான்கிரீட்டின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். ஒரு வாரமாவது அது ஈரத்திலேயே இருக்க வேண்டும். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை; தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிந்துதான் இறுகுகிறது. தண்ணீர் வற்றிவிட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். 28 நாள் ஆன பிறகு இருக்கும் பலத்தைத்தான் பொறியாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தரை, அதன் மேல் தண்ணீர். வந்து பார்த்த உறவினர்கள் “இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வேலையில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

தண்ணீர் நின்ற அந்த இடைவெளியில்தான் நானும் என் மனைவியும் தரைக்கல் வாங்க ஆத்தங்குடிக்குப் போய்வந்தோம். திருவண்ணாமலையிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை வழியாக 250 கிலோமீட்டருக்கும் மேல். காரைக்குடிக்கு அருகே சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர். எந்தக் கடையிலும் கிடைக்கிற டைல்ஸை விட்டு அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் அம்மா. பளபளப்புப் பூச்சுள்ள டைல்ஸில் நடக்க அவருக்குப் பயம். உறவுக்காரர் வீடு ஒன்றில் ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு, “இதுல கால் நிக்குது” என்று சொல்லியிருந்தார்.

ஆத்தங்குடியில் சூளை இல்லை, பெரிய இயந்திரமும் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துக் கீழே வைக்கிறார்கள். அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூவோ கட்டமோ உள்ள தகட்டு அச்சு. சிமெண்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பைச் சின்னக் கரண்டியால் மொண்டு, சிவப்புக்கு ஓர் அறை, பச்சைக்கு ஓர் அறை, மஞ்சளுக்கு ஓர் அறை என்று அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சை மேலே தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிறார்கள். மிகுதி ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கும் மேல் ஈரச் சாந்தை வைத்துக் கரணையால் அழுத்தி மட்டமாக்குகிறார்கள். சட்டத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடியோடு சேர்த்துக் காயவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். எடுத்து வெயிலில் உலர்த்தினால் கண்ணாடி தானாகவே பிரிந்து வந்துவிடுகிறது. கல்லின் முகத்தில் இருக்கும் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியின் வழவழப்பு விட்டுச் சென்றது. அந்த ஊர் மண்ணும் மணலும் அதற்குத் துணை என்று வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

அங்கே நின்று பார்த்தபோது என்னைப் பிடித்துக்கொண்ட செய்தி ஒன்று உண்டு. நாம் மிதிக்கப்போகிற முகம், செய்கிறவருக்குக் கடைசிவரை தெரியாது. அவர் தலைகீழாக வேலை செய்கிறார். முகம் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கிறது. அவர் கண்ணுக்குத் தெரிவது முதுகுப்புறம் மட்டும். முகம் நன்றாக வந்திருக்கிறது என்ற உறுதி அவர் கைக்குத்தான் தெரியும்.

இந்த வகைச் சிமெண்ட் கல் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் தொடங்கியது. பர்மா, இலங்கை, மலாயா என்று தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் வீடுகளுக்கு பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் அயல்நாட்டுத் தரைக்கற்களும் கொண்டுவந்தார்கள். அந்தத் தரைக்கற்களைப் பார்த்த உள்ளூர்க் கைகள் தங்கள் மணலிலேயே அவற்றைச் செய்யக் கற்றுக்கொண்டன. பம்பாயில் 1922இல் பெரோஸ்ஷா சித்வா சுதேசி எண்ணத்தோடு பாரத் ஃப்ளோரிங் டைல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியதும் இதே கல்லுக்காகத்தான். வெளிநாட்டுக் கல்லுக்கு ஈடாக நம் நாட்டில் செய்ய முடியும் என்று காட்டுவது அவர் நோக்கம். செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் தூணையும் கதவையும் படம் எடுக்கிறார்கள். காலுக்குக் கீழே இருப்பதைச் செய்கிற கைகள் இன்றும் பக்கத்திலேயே வேலை செய்துகொண்டிருக்கின்றன.

எங்கள் கூடம் பத்துக்குப் பதினாலு அடி. எட்டங்குலக் கல்லில் ஒரு சதுர அடிக்கு இரண்டே கால் கல் வேண்டும். ஆக 315 கல். வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட வாங்க வேண்டும் என்று அங்கேயே சொல்லி அனுப்பினார்கள். வைக்கோல் வைத்து அடுக்கி வண்டியில் ஏற்றினோம். கடைகளில் கிடைக்கிற டைல்ஸை விட தடிமனும் கனமும் அதிகம், அதனால் ஏற்றி இறக்கும்போது ஓரம் தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடி அண்ணாமலையில் கட்டட வேலை செய்கிற எவரும் நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துத்தான் வேலையை வகுப்பார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க அன்று மனிதர்கள். வண்டி வாகனத்துக்கு வழி கிடையாது. மணல் வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். ஒரு பௌர்ணமி அன்று கூடத்தில் கல் பதித்துக்கொண்டிருந்தோம். ஆந்திராவிலிருந்து நடந்து வந்த ஒரு பெரியம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தார். அம்மா மோர் கொடுத்தார். கதவு வழியாகத் தரையைப் பார்த்தவர் எழுந்து வந்து, பதிக்காமல் வைத்திருந்த கல் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்து, “சல்லகா உந்தி” என்றார். தெலுங்கு தெரியாத அம்மாவும் குளிர்ச்சியைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு தலையாட்டினார்.

பதிப்பதற்குப் பக்கத்துத் தெருக் கொத்தனார் அண்ணன் வழிகாட்டினார். முழு வேலையையும் அவரிடம் கொடுக்கவில்லை. முதல் வரிசையைப் போட்டுக் காட்டி, எங்களைப் பக்கத்தில் வைத்துச் செய்யச் சொல்லிக் கொடுப்பதற்கு முழு நாள் கூலி என்று பேசிக்கொண்டோம். கூடத்தின் நடுப்புள்ளியைக் குறித்துக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் கட்டினார். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து, குறுக்கே சரியாக ஐந்தடி வருகிறதா என்று பார்த்தார். சுவர்கள் கோணலாக இருந்தாலும் கல் நேராக ஓட வேண்டும். வெட்டுத் துண்டுகள் அலமாரிக்கு அடியில் போகும் பக்கமாக முன்கூட்டியே வகுத்துக்கொண்டோம். நீளமான, ஒளி புகும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி நாலு சுவரிலும் மட்டம் குறித்தோம்.

கல்லைத் தண்ணீரில் நனைத்து எடுத்துத்தான் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாந்திலுள்ள நீரை அது குடித்துவிடும், பிடிப்பு வராது. சாந்தை முழுக்க நிரப்பி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, மட்டக்கட்டையை மேலே வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கல்லின் மேல் சிமெண்ட் பால் பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்தால் கறை போகாது. என் மகள் ஈரத்துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை அதுதான். மறுநாள் காலையில் மாமா வந்து, கரணைக் காம்பால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அடியில் சாந்து நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். வெற்றிடம் இருந்தால் காலிக் குடத்தைத் தட்டியதுபோல் கேட்கும். ஒரு நாற்காலிக் கால் பலமாக ஊன்றினால் அந்த இடம்தான் முதலில் விரிசல் விடும். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முடிந்ததும் கழுவிக் காயவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தோம். நடக்க நடக்க இதன் முகம் தெளியும். ஆனால் அமிலம் ஆகாது. எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், கழிப்பறை கழுவும் திரவம் எதுவும் சிமெண்டை அரித்துவிடும். அதனால் சமையலறையில் பாத்திரம் கழுவும் பக்கத்துக்கு மட்டும் சொரசொரப்பான சாதாரண டைல்ஸே போட்டோம். குஜராத்தின் மோர்பியில் சூளையில் சுட்டு வருகிற கல்லுக்கும் அதற்கான இடம் இருக்கிறது. எந்தப் பொருள் எங்கே நிற்கும் என்று அறிந்து போடுவதுதான் முக்கியம்.

அந்த மாதங்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டவர் அண்ணாமலை சுவாமி. 1906இல் பிறந்தவர். 1928இல் ரமணாசிரமத்துக்கு வந்தார். கட்டட வேலையில் எந்தப் பயிற்சியும் இல்லாத அந்த இளைஞரிடம் ஆசிரமத்தின் கட்டுமானப் பொறுப்பு வந்து சேர்ந்தது. மலையிலிருந்து பாயும் மழைவெள்ளத்தைத் திருப்பும் கற்சுவர், மாட்டுக்கொட்டகை, சாப்பாட்டுக்கூடம் என்று ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் அவர் மேற்பார்வையில் எழுந்தன. ரமணர் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து நின்று, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நுணுக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். ரமணரே கொட்டாங்குச்சியைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணம் செய்தவர், கைத்தடி செதுக்கியவர், நோட்டுப் புத்தகங்களைத் தைத்துக் கட்டியவர். 1938இல் அண்ணாமலை சுவாமி பக்கத்திலுள்ள பலாக்கொத்துக்குப் போய், 1995இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். அவர் கட்டிய சுவர்கள் நிற்கின்றன. அருகில் நின்று சொல்லித்தர ஒருவர் இருந்தால், தெரியாத கையும் கற்றுக்கொள்ளும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே இப்படி ஒரு சாட்சி.

தரை முடிந்த பிறகு அலமாரி. மாமா முதலில் செய்தது அம்மாவை அளந்ததுதான். நேராக நிற்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். அதிலிருந்து நாலு விரற்கடை குறைத்து மேடையின் உயரத்தைக் குறித்தார். 31 அங்குலம் வந்தது. கடையில் செய்து வருகிற சமையல் மேடைகள் 34 அங்குலத்தை ஒட்டி இருக்கின்றன. ஐந்தடிக்கும் குறைவான அம்மா அதில் காய் நறுக்கினால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும்.

“அவ அரிசி களையறது, மாவு பெசையறது எல்லாம் இங்கதான். மேட அவ ஒசரத்துக்கு இருக்கணும். ஊருக்கெல்லாம் ஒரே அளவு எப்பிடி மாப்ள சரியா வரும்?” என்றார்.

மேல் அலமாரியின் முதல் தட்டு அம்மா கை நீட்டினால் எட்டும் உயரத்தில். கீழே கதவு வைத்த ஆழமான அறை வேண்டாம். குனிந்து உள்ளே தலையை விட்டுத் தேடும் நிலை அவர் முழங்காலுக்கு ஆகாது. அதனால் கீழே முழுக்க இழுப்பறைகள். மசாலா டப்பா, பருப்பு டப்பா, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து அவற்றின் அளவுக்கு இழுப்பறையின் ஆழத்தை வகுத்தோம். அலமாரியின் அடிப்பகுதி தரையைத் தொடாமல் கடப்பாக் கல் துண்டுகளின் மேல் நாலங்குலம் உயர்ந்து நின்றது. ஈரமும் கரையானும் நேராக மரத்தில் ஏற முடியாது. ஏறினாலும் குனிந்து பார்த்தால் கண்ணில் பட்டுவிடும்.

பழைய கட்டைகளை அறுவை மில்லில் கொடுத்துச் சட்டங்களாக அறுத்து வந்தோம். அதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையிலும் ஆணி இருக்கிறதா என்று தேடிப் பிடுங்கினோம். ஒரு ஆணி தங்கியிருந்தாலும் வாள் பல் போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. தாத்தா காலத்திலிருந்து வெயிலும் மழையும் பார்த்து உலர்ந்த மரம், இனிமேல் அதிகம் முறுக்காது. பச்சை மரத்தில் அலமாரி செய்தால் காயக் காயக் கதவு கோணும். அதனால்தான் அந்தக் கட்டைகளை எடைக்குப் போடக் கூடாது என்று முதல் நாளே மாமா சொன்னார்.

சட்டங்களை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை. ஒன்றின் முனையில் கழுந்து செதுக்கி, மற்றதில் அதற்கு ஏற்றபடி துளை தோண்டிச் சேர்த்தோம். துளை தோண்ட உளியும் கொட்டாப்புளியும்தான். கழுந்து கையால் அழுத்தினால் பாதிவரை போக வேண்டும், மீதிக்கு இரண்டு தட்டு தேவைப்பட வேண்டும் என்பது மாமாவின் கணக்கு. முழுக்கக் கையிலேயே போய்விட்டால் தளர்வு. ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் துளையோரம் பிளந்துவிடும்.

கதவுப் பலகையை வைக்கும் இடத்தில் மாமா சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். சட்டத்தின் உட்பக்கம் காடி இழுத்து, பலகையை அதில் செருக வேண்டும். பசை போடக் கூடாது. பலகைக்கும் காடியின் அடிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது. ரேகைக்குக் குறுக்காக, அகலவாக்கில், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும். பசையால் பூட்டிவிட்டால் விரிய இடமில்லாமல் வளையும், சுருங்க வழியில்லாமல் பிளக்கும். தளர்வாக இருப்பதால்தான் அது நேராக நிற்கிறது. பின்பக்கத்துக்கு மட்டும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள தண்ணீர் தாங்கும் பிளைவுட் வாங்கினோம். மேலே ஆளிவிதை எண்ணெய் பூசினோம். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். விரித்து வெளியே காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

2025 டிசம்பர் 3 கார்த்திகை தீபம். அதற்குள் வேலை முடிய வேண்டும் என்பது அம்மா விதித்த கெடு. தீபத்துக்கு எங்கள் வீட்டில் உறவுகள் தங்குவது தாத்தா காலத்திலிருந்து உள்ள வழக்கம். கெடுவுக்குள் முடிந்தது. அன்று வந்தவர்கள் எல்லோரும் தரையின் பூவைப் பார்த்தார்கள், தேக்கின் நிறத்தைப் பார்த்தார்கள். மாமா ஒரு மூலையில் உட்கார்ந்து, வந்தவர்களின் சின்னப் பிள்ளைகள் இழுப்பறையை இழுத்து விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எது உரசுகிறது, எது வழுக்கிப் போகிறது என்று அவர் காது பார்த்தது. அம்மா புது மேடையில் நின்று பொரி உருண்டை பிடித்தார். தோள் தூக்காமல் பிடித்தார்.

அந்த வடகிழக்குப் பருவமழையில் தரை ஈரமாகவில்லை. சுவரில் உப்புப் பூக்கவில்லை. அதற்குக் காரணம் ஆத்தங்குடிக் கல்லோ தேக்கோ அல்ல. வெளியே கொடுத்த வாட்டமும், இடித்த கிராவலும், பாலிதீன் தாளும், நாள்கணக்கில் நின்ற தண்ணீரும்தான். அவற்றில் ஒன்றுகூட இப்போது கண்ணுக்குத் தெரியாது.

வீட்டைப் புதுப்பிக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கடைக்குப் போகும் முன், ஒரு மழைக்காலம் முழுக்க உங்கள் வீட்டைச் சுற்றித் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். மின்சார வேலையையும், பாரம் தாங்கும் சுவரை இடிப்பதையும் அதற்கென்று தெரிந்தவர்களிடமே விடுங்கள். மற்றதில் ஒரே ஒரு அறையின் தரையையாவது, ஒரே ஒரு அலமாரியையாவது உங்கள் கையால் செய்யுங்கள். உங்கள் உறவிலோ தெருவிலோ வயதான தச்சரோ கொத்தனாரோ இருந்தால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முழுக் கூலி கொடுத்து, கற்றுக்கொள்ளுங்கள். அடித்தளத்துக்குக் கொடுக்க வேண்டிய காசையும் நாளையும் மேலே தெரிகிற பளபளப்புக்கு மாற்றிவிடாதீர்கள். வீட்டைத் தாங்குவது கண்ணில் படாத வேலைதான்.